பவுனுவுக்குப் பயணக் கூண்டு: தருமபுரியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2024 நவம்பர், காலை ஆறே கால் மணி இருக்கும். பாளையம் சுங்கச்சாவடியில் வரிசையில் நிற்கிறோம். ஃபாஸ்டேக் படிக்கவில்லை என்று வீட்டுக்காரர் கண்ணாடியை இறக்கி ஊழியரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். பின்சீட்டில் என் பக்கத்தில் வைத்திருந்த பிளாஸ்டிக் கூண்டிலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். திரும்பினால் கதவின் கீழ்முனை கழன்று சாய்ந்து நிற்கிறது, அந்த இடைவெளியில் எங்கள் பஞ்சவர்ணக்கிளி பவுனுவின் தலையும் ஒரு தோளும் வெளியே. “கண்ணாடிய ஏத்துங்க” என்று நான் போட்ட சத்தத்தில் அவர் பதறி ஏற்றினார். அதற்குள் அவள் முழுதாக வெளியே வந்து என் மடியில் ஏறி நின்றாள். துண்டைப் போர்த்தி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன், உடம்பு நடுங்கியது, அவளுக்கும் எனக்கும்.

முன்சீட்டு ஜன்னல் கண்ணாடி அன்று திறந்தே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். முன்னும் பின்னும் லாரி, அந்தப் பக்கம் தொப்பூர் காடு. வீட்டிலேயே வளர்ந்த பறவைக்கு உயரத்திலிருந்து கீழே இறங்கத் தெரியாது, பயத்தில் மேலே மேலே போகும். அங்கிருந்தே திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டோம். அதற்கப்புறம், அன்று கிளம்பிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சேர நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதத்தில் என்ன செய்தோம், எது ஒத்து வந்தது, எது வரவில்லை என்பதை அளவோடு எழுதி வைக்கிறேன், ஏனென்றால் பெரிய கிளி வைத்திருக்கும் பலர் நான் வாங்கிய அதே பிளாஸ்டிக் பெட்டியைத்தான் இப்போதும் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

பவுனு

பவுனு நீல மஞ்சள் பஞ்சவர்ணக்கிளி. மக்காவ் என்று சொன்னால்தான் இப்போது எல்லோருக்கும் புரிகிறது. தென்னமெரிக்கக் காடுகளின் பறவை, வளர்ப்பிலேயே பொரித்துப் பெருக்கிய குஞ்சாக எங்களிடம் வந்தது, இப்போது ஒன்பது வயது. டிஎன்ஏ சோதனை செய்யவில்லை, ஆனால் வீட்டில் எல்லோருக்கும் அவள் ‘அவள்’தான். அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை 86 செ.மீ., அதில் வால் மட்டும் 50. எடை வழக்கமாக 1,080 கிராம் இருக்கும், அந்த நவம்பரில் 1,010க்கு இறங்கியிருந்தது. அலகின் ஓரம் தோல் தோலாக உரிந்து நீண்டுகொண்டே போனது. இங்கே பக்கத்தில் இருக்கும் மருத்துவர் மாடு, ஆடு, நாய் எல்லாம் நன்றாகப் பார்ப்பவர், அவரே “இத நாமக்கல் காலேஜுக்குக் கொண்டு போயிடுங்கம்மா, எக்ஸ்ரே எடுக்கணும்” என்று சொல்லிவிட்டார். தருமபுரியிலிருந்து தொப்பூர், ஓமலூர், சேலம் வழியாகச் சுமார் 120 கிலோமீட்டர்.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை, தவிர்க்க முடியாது. நம் ஊர்ப் பச்சைக்கிளியையும் பெரிய பச்சைக்கிளியையும் வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், இந்தக் கட்டுரை அதற்குப் பொருந்தாது. மக்காவ் போன்ற வெளிநாட்டு இனங்கள் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் வருவதால், 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வந்த 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவின் நகலைக் கவரில் போட்டுக் கூண்டோடு கட்டி வைத்துக்கொள்ளுங்கள். வழியில் யாராவது நிறுத்திக் கேட்டால் கைப்பேசியில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

முதல் கூண்டு எங்கே உடைந்தது

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெட்டியைத் தரையில் வைத்து ஆற அமரப் பார்த்தேன். பூனைக்கும் சின்ன நாய்க்கும் விற்கும் வகைதான்: மேல்பாதி கீழ்பாதி இரண்டையும் கிளிப்பில் மாட்ட வேண்டும், முன்னால் இரும்புக் கம்பிக் கதவு. கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கதவின் தண்டு போய் உட்காரும் துளை பிளாஸ்டிக், அந்தத் துளையின் உதடு நொறுங்கியிருந்தது. காற்றுக்காக விட்டிருந்த பிளவுகளில் ஓரம் முழுக்க அலகு பதிந்த தடம். வழவழவென்று இருந்த பெரிய பரப்பில் ஒரு கீறல்கூட இல்லை.

இதுதான் எனக்குக் கிடைத்த முதல் பாடம், பின்னால் செய்ததெல்லாம் இதிலிருந்துதான் வந்தது. கிளியின் அலகு தட்டையான பரப்பில் ஒன்றும் செய்யாது, அதற்குப் பிடிக்க ஒரு விளிம்பு வேண்டும். விளிம்பு கிடைத்துவிட்டால், கிளிக்கு மேலலகும் தனியாக அசையும் என்பதால், கீழலகை முட்டுக்கொடுத்து மேலலகால் நெம்பும். ஓட்டோடு இருக்கும் வாதாங்கொட்டையைப் பவுனு கண் இமைக்கும் நேரத்தில் பிளப்பாள். வீட்டில் சும்மா இருக்கும்போது அந்தப் பெட்டியை ஒரு மணி நேரம் விட்டுவைத்தாள், வண்டி ஆட ஆரம்பித்து பயம் வந்ததும் இருபது நிமிடத்தில் திறந்துவிட்டாள். கடையில் கூண்டை வெளியிலிருந்து தட்டிப் பார்த்து வாங்குகிறோம். உள்ளே தலையை விட்டு, எங்கெங்கே விளிம்பு இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும், கீல், தாழ்ப்பாள், காற்றுத் துளை, இரண்டு பாகம் சேரும் இடம் எல்லாவற்றையும்.

“இறக்கையை வெட்டிவிட்டால் இவ்வளவு கவலை எதற்கு” என்று பலர் சொன்னார்கள். இறக்கை வெட்டிய பெரிய கிளியும் காற்று சாதகமாக இருந்தால் சறுக்கிக்கொண்டே வெகுதூரம் போய்விடும், அதோடு நெடுஞ்சாலையில் கீழே விழுந்தால் எழுந்து தப்பிக்கவும் முடியாது. அதைப் பாதுகாப்பு என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

இதற்கிடையில் சேலத்திலிருந்து பறவை பார்க்கும் ஒரு மருத்துவரை வீட்டுக்கே வரவழைத்தோம். ரத்தம் எடுத்தார், விதையை மட்டுமே நம்பி வளர்த்ததில் வைட்டமின் ஏ குறைவு என்றார், உணவை மாற்றச் சொன்னார். எக்ஸ்ரே அவசரமில்லை, ஆனால் தள்ளிக்கொண்டே போகாதீர்கள் என்றார். அதனால்தான் நிதானமாகத் தேட முடிந்தது.

இரவல் வாங்கிப் பார்த்தவை

டிசம்பரில் சித்தி பையனிடமிருந்து மடக்கும் வகை நாய்க்கூண்டு வாங்கிவந்தேன். பார்க்க நல்ல இரும்பு. கூடத்தில் வைத்து, நாங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, பவுனுவை உள்ளே விட்டு மூடினோம். பதினோரு நிமிடம். தாழ்ப்பாள் கம்பியை நாக்கால் தடவிப் பார்த்தாள், அலகால் தூக்கினாள், இழுத்தாள், கதவு திறந்தது. சரி, பூட்டு போடலாம் என்று போட்டோம், அடுத்த நாள் மூலையில் இரண்டு பக்கத்தையும் சேர்க்கும் கொக்கியைக் கழற்றினாள். மடக்கும் கூண்டுக்கு மூலைதான் பலவீனம், மடங்க வேண்டும் என்பதற்காகவே அது கழல்கிற மாதிரி செய்யப்பட்டிருக்கிறது. கறுப்புப் பெயின்ட் வேறு செதில் செதிலாக உரிந்து அவள் அலகோரம் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் அன்றைக்கே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கம்பிக்குக் கம்பி இடைவெளியும் நாலு சென்டிமீட்டர் இருந்தது, சின்னக் கிளி என்றால் தலையை விட்டு மாட்டிக்கொள்ளும்.

பொங்கலுக்கு ஓசூரிலிருந்து வந்த நாத்தனார் தன்னிடம் இருந்த அக்ரிலிக் பெட்டியைக் கொண்டுவந்தாள். அவளிடம் இருப்பது ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, அரைக் கிலோவுக்குள் இருக்கும், 33 செ.மீ. நீளம். அதற்கு அந்தப் பெட்டி மிகப் பொருத்தம், நாலு பக்கமும் தெரிகிறது, துடைத்தால் சுத்தம், இறகு எங்கேயும் சிக்காது. பவுனுவை விட்டால் வால் இரண்டாக மடிந்தது. அவளுக்கு ஏற்ற பெரிய அளவிலும் அது கிடைக்கிறதுதான், ஆனால் காற்றுத் துளைகள் வட்ட வட்டமாக, ஒவ்வொன்றும் ஒரு விளிம்பு. அரை மணியில் ஒரு துளையிலிருந்து மயிரிழை போல விரிசல் ஓடியது. நாத்தனார் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் மனசு கேட்கவில்லை, பணம் கொடுத்துவிட்டேன். இன்னொன்று, எங்கள் ஊரில் மார்ச் தொடங்கி வெயில் சுள்ளென்று அடிக்கும், சின்னத் துளைகள் மட்டும் உள்ள பெட்டிக்குள் வண்டி நின்றால் சூடு தேங்கும். மலைப்பாங்கான குளிர்ந்த ஊரில் இருப்பவர்களுக்கு அது பிரச்சினையாக இல்லாமல் இருக்கலாம்.

அளவு எடுத்தது

மூன்று கூண்டும் போனபிறகு செய்துவிடுவது என்று முடிவெடுத்தோம். செய்வதென்றால் அளவு வேண்டும். இதில் நான் நிறைய நேரம் செலவழித்தேன், சொல்லிவிடுகிறேன்.

பெரிய கிளிக்கு அளவைத் தீர்மானிப்பது உடம்பு இல்லை, வால். கட்டையில் உட்கார்ந்தால் வால் கட்டைக்குக் கீழே 50 செ.மீ. தொங்கும். வால் நேராகத் தொங்க வேண்டும் என்றால் கட்டையே அரை மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், கூண்டு ஒரு மீட்டர் உயரம் ஆகிவிடும், காருக்குள் போகாது, அவ்வளவு உயரத்திலிருந்து திடீர் பிரேக்கில் விழுந்தால் அடியும் படும். அதனால் கட்டையைத் தரையிலிருந்து 15 செ.மீ. மட்டும் வைத்து, வாலைப் பின்னால் சாய்த்துப் படுக்க விடுவது என்று முடிவு. அப்படிச் சாய்ந்தால் வாலுக்குப் பின்பக்கம் 48 செ.மீ. வேண்டும். கொஞ்சம் கூட்டி 53. கட்டைக்கு முன்னால் தலை, மார்பு, அலகை நீட்ட 22. ஆக நீளம் 75. உயரம், கட்டை 15, நிமிர்ந்த உடம்பு 36, மேலே இடிக்காமல் இருக்க 9, ஆக 60. அகலம் 45, அவள் திரும்பி உட்காரலாம், ஆனால் இறக்கையை விரிக்க முடியாது. ஓடுகிற வண்டியில் விரிக்காமல் இருப்பதுதான் நல்லது, விரித்து அடித்தால் வளரும் இறகு முறிந்து ரத்தம் வரும்.

அட்டைப் பெட்டிகளை வெட்டி ஒட்டி இதே அளவில் ஒன்று செய்து காரின் பின்சீட்டில் நுழைத்துப் பார்த்தோம். நுழைந்தது. இந்த அட்டை வேலையை யாரும் தவிர்க்காதீர்கள், நாங்கள் முதலில் போட்ட அளவு கார்க் கதவில் மூன்று சென்டிமீட்டர் இடித்தது.

பட்டறை

தருமபுரியில் கேட், கிரில், கடைக்கு எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கவுன்ட்டர் எல்லாம் செய்யும் ஒரு பட்டறைக்குப் போனேன். நடத்துபவர் அறுபதைத் தாண்டியவர். முதலில் ஜி.ஐ. வலையில் செய்யலாம், பாதி விலையில் முடியும் என்றார். அங்கேதான் நான் விடாப்பிடியாக நின்றேன். ஜி.ஐ. என்றால் மேலே துத்தநாகப் பூச்சு. கிளி கம்பியைக் கடிக்கும், பூச்சு வயிற்றுக்குப் போகும், சோர்வு, வாந்தி, வலிப்பு வரை கொண்டுபோய்விடும். புதுக் கூண்டில் விட்ட கிளிகளுக்கு இப்படி ஆவதால் பறவை மருத்துவத்தில் இதற்குப் ‘புதுக் கம்பி நோய்’ என்றே பெயர். வினிகர் ஊற்றி பிரஷ் போட்டுத் தேய்த்தால் மேலாக உதிரும் துத்தநாகம் போகும் என்பார்கள். ஒரு கிலோ எடையுள்ள பறவை மணிக்கணக்கில் கம்பியை வாயில் வைத்திருக்கும்போது அதை நம்ப எனக்குத் தைரியமில்லை. பித்தளையிலும் துத்தநாகம் இருப்பதால் பித்தளைப் பூட்டும் வேண்டாம், ஈயமும் நஞ்சு என்பதால் ஈயப் பற்றும் வேண்டாம்.

கடைசியில் 304 தர எஸ்.எஸ்., கம்பி 2.5 மி.மீ. கனம், சதுரக் கண் 20 மி.மீ. காந்தம் வைத்துப் பார்த்து எஸ்.எஸ். தரத்தைச் சொல்ல முடியாது, விலை குறைந்த 202 தரமும் காந்தத்தில் பெரிதாக ஒட்டாது, அதனால் பில்லில் 304 என்று எழுதி வாங்கினோம். ஆர்கான் வெல்டிங். பற்ற வைத்த இடத்தின் கறுப்பைப் போக்க ஒரு அமிலப் பசை தடவுவார்கள், அதை நன்றாகக் கழுவித் தரவேண்டும் என்று சொல்லி, வீட்டுக்கு வந்து நானும் இரண்டு முறை கழுவினேன்.

பூட்டு விஷயத்தில் நான் யோசித்து வைத்திருந்தது நட்டுப் போட்டுத் திருகும் எஸ்.எஸ். ஷேக்கிள் என்ற வளையக் கொக்கி. பவுனு நட்டு திருகுவாள், அதுவும் எனக்குத் தெரியும், அதனால் இரண்டு போடலாம் என்று நினைத்தேன். பட்டறைக்காரர் சொன்னார்:

“ஏம்மா, எத்தன பூட்டு போட்டாலும் அது வாய்க்கு எட்டுச்சுன்னா ஒரு நாள் தெறக்கும். வீட்டு கேட்டுல வெளிய இருந்து கைய விட்டு தாழ்ப்பாள எடுக்கக் கூடாதுன்னு தகடு அடிக்கிறோம்ல? அதையே இதுல உள்பக்கம் அடிச்சுடறேன்.”

“அண்ணா, தகட்டோட ஓரத்தப் புடிச்சு நெம்புவாளே?”

“ஓரத்த கம்பியோட சேத்து முழுசா பத்த வச்சுட்டா புடிக்க என்ன இருக்கு?”

கூண்டின் மிக முக்கியமான பகுதி இந்தப் பேச்சில்தான் முடிவானது. கதவைச் சுற்றி 8 செ.மீ. அகலத்துக்கு வழவழத் தகடு, விளிம்பு இல்லாமல் வெல்டிங் செய்தது. தாழ்ப்பாளும் கீலும் அந்தத் தகட்டுக்கு வெளியே. உள்ளிருந்து பார்த்தால் கதவு எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. கதவு 35க்கு 35, பக்கவாட்டில் திறக்கும். மேலே தூக்கும் கதவு வேண்டாம் என்றேன், கை நழுவினால் வால் மேலோ கால் மேலோ விழும்.

உட்காரும் கட்டைக்கு எங்கள் தோட்டத்துக் கொய்யாக் கிளை, நாலு சென்டிமீட்டர் கனம், பட்டையை எடுக்கவில்லை, கால் வழுக்காமல் இருக்கும். இரண்டு முனையிலும் வெளியிலிருந்து போல்ட்டு. கீழே இழுத்து எடுக்கும் தட்டு, அதில் நாளிதழ். வெளிப்பக்கம் சீட் பெல்ட் நுழையும்படி இரண்டு வளையம். வேலை முடிந்ததும் பழைய பருத்திச் சேலைத் துண்டு ஒன்றைக் கொடுத்து உள்பக்கம் முழுக்கத் துடைத்துப் பார்க்கச் சொன்னேன், நூல் எங்கெல்லாம் மாட்டியதோ அங்கெல்லாம் பிசிறு, அரம் போட்டார். ஒன்பது இடத்தில் மாட்டியது. பொருள், கூலி எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய். எடை 11 கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

ஐந்து வாரம்

கூண்டு வந்த அன்றைக்கே அதில் அடைத்துக் கிளம்பியிருந்தால் மறுபடியும் பயம்தான் மிஞ்சியிருக்கும். கதவைக் கழற்றிவிட்டு கூடத்தில் வைத்தோம். முதல் நாலு நாள் பக்கத்தில் வரவே இல்லை. வால்நட் பருப்பு இனிமேல் அந்தக் கூண்டுக்குள் மட்டும்தான் என்று வைத்தேன். ஐந்தாம் நாள் தலையை விட்டாள், இரண்டாம் வாரம் உள்ளே போய்த் தின்றுவிட்டு வந்தாள், அப்புறம் கதவு மாட்டி, பத்து விநாடி மூடி, திறந்து, ஒரு நிமிடம், ஐந்து நிமிடம். பிறகு தூக்கி நடப்பது, நிற்கும் காரில் வைப்பது, எஞ்சினை மட்டும் ஓடவிடுவது, பென்னாகரம் ரோட்டில் மூன்று கிலோமீட்டர், அதியமான்கோட்டை வரை, கடைசியில் தொப்பூர் இறக்கம் இறங்கி ஏறி வருவது. ஒரு கட்டத்தில் அவசரப்பட்டு ஒரே நாளில் இரண்டு படி தாண்டினேன், அவள் இறக்கையை ஒட்டி ஒடுங்கி நின்றாள், மறுநாள் திரும்ப முந்தைய படிக்கே போனோம். தாழ்ப்பாளைத் தேடி இரண்டு வாரம் தகடு முழுக்க நாக்கால் தடவினாள், பிறகு விட்டுவிட்டாள்.

நாமக்கல்

2025 மார்ச் முதல் வாரம், அதிகாலை நாலரைக்குக் கிளம்பினோம், வெயிலுக்கு முன் போய்ச் சேர வேண்டும் என்று. கிளம்பும் முன் எடை 1,042 கிராம், உணவை மாற்றியதில் கொஞ்சம் ஏறியிருந்தது. வயிறு முட்டக் கொடுக்கவில்லை, கிளிக்கும் வண்டிப் பயணம் குமட்டும். தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் கொட்டி மார்பு நனையும், அதற்குப் பதில் வெள்ளரியும் மாதுளையும். கூண்டின் மூன்று பக்கம் பருத்தித் துணி, என் பக்கம் மட்டும் திறந்து. காரில் தொங்கும் வாசனைப் பொருளை முந்தின நாளே எடுத்துவிட்டோம், பறவையின் நுரையீரல் அதையெல்லாம் தாங்காது. கூண்டைத் திறப்பதாக இருந்தால் எல்லாக் கண்ணாடியும் ஏறியிருக்கிறதா என்று இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது என்று ஒரு வழக்கமும் வைத்துக்கொண்டோம், போகும்போதும் வரும்போதும் அதை விடவில்லை.

தொப்பூர் இறக்கத்தில் முன்னால் போன லாரி திடீரென்று நின்றது, வீட்டுக்காரர் பிரேக்கை மிதித்தார். கூண்டு அசையவில்லை. பவுனு கட்டையில் குந்தி, அலகால் முன்பக்க வலையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது கால் போல அலகைப் பயன்படுத்துவது அவர்கள் வழக்கம், அதற்கு வலை தாங்கியது. ஏழரைக்கு நாமக்கல். மருத்துவர் கூண்டுக் கதவு வழியாகவே துண்டு போட்டு எடுத்தார், 35 செ.மீ. கதவு அதற்குப் போதுமாக இருந்தது. எக்ஸ்ரேயில் பயப்படும்படி ஒன்றுமில்லை, அலகைத் தேய்த்துச் சரிசெய்தார்கள்.

திரும்பும்போது பன்னிரண்டு மணி ஆகிவிட்டது, ஓமலூர் தாண்டி வெயில் ஏறியது. வாயைத் திறந்து, இறக்கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்து மூச்சு விட ஆரம்பித்தாள். இதுதான் சூட்டின் அடையாளம், இதைப் பார்த்தால் காத்திருக்கக் கூடாது. துணியை இரண்டு பக்கம் எடுத்துவிட்டு, ஏசி காற்றை நேராகப் படாமல் கூரைப் பக்கம் திருப்பினேன், காலில் ஈரத்துணி வைத்தேன். பத்து நிமிடத்தில் சரியானாள். டீ குடிக்க நின்றபோது இருவரில் ஒருவர் வண்டியிலேயே இருந்தோம், ஏசி ஓடியபடி. வீட்டில் எடை 1,031.

வலையில் வளைவு இல்லை, கொய்யாக் கட்டையில் மட்டும் பாதியைக் கடித்துத் துப்பியிருந்தாள், அது மாற்றத்தானே இருக்கிறது. கீழ்த்தட்டு வழி முழுக்கக் கடகடத்தது, அவளுக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. வெளிப்பக்கமாக ஒரு திருகு வைத்து இறுக்கியிருக்கிறோம்.

எடைதான் இன்னும் தீரவில்லை. அவளோடு சேர்த்துப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல், பகலில் வீட்டில் தனியாக இருக்கும் என் மாமியாரால் அதைத் தூக்க முடியாது, ஒரு தீ விபத்து, ஒரு அவசரம் என்றால் என்ன செய்வார். போன வாரம் பட்டறைக்குப் போய் அலுமினியச் சட்டத்தில் சின்னதாக ஒன்று, வால் கொஞ்சம் மடிந்தாலும் அரை மணி நேரத்துக்குத் தாங்குகிற மாதிரி செய்ய முடியுமா என்று கேட்டேன். அலுமினியத்தை ரிவெட் அடித்துச் சேர்க்கலாம், ரிவெட் தலை உள்ளே துருத்தாமல் எப்படி அடிப்பது என்று பார்த்துச் சொல்கிறேன் என்றார். புதிய அட்டைப் பெட்டியை வெட்டி அளவு எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.